அந்த நீல டேப்பை உரிக்காதீர்கள்

போன வாரம் கடையில் நான் போட்ட சத்தம் உங்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். பக்கத்துக் கடை முடிவெட்டுகிறவர்கூடக் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்றுப் பொந்தியானில் மகள் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டியவள், பஸ் பிடித்து ஜொகூர் பாருவுக்கு வந்து, இப்போது சம்பளமும் கொடுக்காத கடையில் எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது நியாயம்தான். கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. காரணத்தை மட்டும் எழுதித் தருகிறேன். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அனைவரும் படியுங்கள்.

வாடிக்கையாளர்கள் கேட்டுப் பார்க்கும் மேசையில் பெரிய கறுப்பு ஆம்ப் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் வால்யூம் குமிழைச் சுற்றிச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று சின்னச் சின்ன டேப் துண்டுகள் ஒட்டியிருந்தன. உங்களில் ஒருவர் நீலத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, "அசிங்கமா இருந்துச்சுக்கா, அதான் க்ளீன் பண்ணேன்" என்று சிரித்தார். சுத்தமான கை நல்லதுதான். ஆனால் கடையில் உள்ள அழுக்கு எது, அடையாளம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் துடைக்கக் கூடாது.

முதலில் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹெட்போன் ஆம்ப் என்பது பாட்டு வரும் கருவிக்கும் காதுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஹெட்போனுக்குத் தேவையான உந்துதலைக் கொடுக்கும் பெட்டி. அவ்வளவுதான், அதில் மந்திரம் மாயம் எதுவும் இல்லை. கையில் கொஞ்சம் பணத்தோடு முதல் ஆம்ப் வாங்க வருகிறவர்தான் நமக்குப் பெரிய வாடிக்கையாளர். நீங்கள் நினைப்பது நேர்மாறாக இருக்கும், தெரியும். வசதியுள்ளவர் தப்பானதை வாங்கினால் அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவார். கொஞ்சம் பணம் வைத்திருப்பவர் ஒரு தடவைதான் வாங்குவார். நாம் தப்பானதைக் கொடுத்தால் அந்தத் தப்பு அவர் வீட்டு மேசையிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

அதனால் ஆம்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நான் கேள்விதான் கேட்பேன். என்ன ஹெட்போன் வைத்திருக்கிறீர்கள், அதில் என்ன கேட்பீர்கள் என்று கேட்பேன். பாதிப் பேருக்கு ஆம்பே தேவைப்படாது. அதை அவர்களிடமே சொல்லி அனுப்பிவிடுவேன். நமது தவுக்கே, அதான் நம் முதலாளி, அப்போதெல்லாம் என்னை முறைப்பார். முறைக்கட்டும். நான் அனுப்பியவர்கள் அடுத்த முறை தம்பியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

நான் சேர்ந்த காலத்தில் இங்கே ஒரு மூத்த விற்பனையாளர் இருந்தார். மொட்டைத் தலைக்காரருக்கும் சீப்பு விற்றுவிடுவார். இரண்டு ஆம்பை ஒப்பிட்டுக் காட்டும்போது, விலை கூடியதில் சத்தத்தைத் துளி ஏற்றி வைப்பார். காது ஒரு ஏமாளி. சத்தம் கொஞ்சம் கூடினாலே இதுதான் நல்லது என்று சொல்லிவிடும். அவர் செய்ததைப் பார்த்து நான் தலைகீழாகக் கற்றுக்கொண்டேன். ஒப்பிடுவதென்றால் இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும், எது எந்த ஆம்ப் என்று கேட்பவருக்குத் தெரியவும் கூடாது. இன்றைக்கும் இந்தக் கடையில் அதுதான் வழக்கம். அதைக் கொண்டுவந்தவள் நான்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. "வேலை முடிஞ்சு நேரா வந்தீங்களா?" தவுக்கே அதைக் கேட்கும்போது நீங்கள் பின்னால் நின்று சிரிக்கிறீர்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை. கடையில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில் கணவனும் மனைவியுமாக இருவர் தொழிற்சாலைச் சீருடையோடு உள்ளே வந்தார்கள். கையில் ஹெல்மெட். மாசாயில் அடுக்குமாடி வீடு, பாசிர் கூடாங்கில் இரும்புத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. அவள் பெயர் தேவி. அவர் குணா. தேவி துணிப் பையிலிருந்து, துவாலையில் சுற்றிய ஒரு ஹெட்போனைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி வெளியே எடுத்தாள். ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்குமே, அந்த மாதிரிப் பெரியது. இரண்டாம் கைச் சாமான், ஆனால் நல்ல சாமான்.

"இவருதான்க்கா வாங்கிக் குடுத்தாரு. மோட்டர் சைக்கிளுக்குப் புது எக்ஸாஸ்ட் போடச் சேத்து வச்ச காசு."

"மோட்டர் சத்தம் போடுறதுக்குப் பதிலா இவ காதுல நல்ல சத்தம் கேக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார் குணா. எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

தேவிக்கு ஆம்ப் வேண்டியிருந்தது பாட்டுக் கேட்க அல்ல. சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஒலிப்பாடங்கள் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ வாசித்துப் பதிவு செய்து அனுப்புவதில் இருமலையும் இரைச்சலையும் நீக்கிச் சுத்தம் செய்து கொடுக்க ஆள் தேடினார்கள். வீட்டிலிருந்தே செய்யும் வேலை. தேவி வேலை முடிந்து வந்து வீடியோ பார்த்துப் பார்த்தே அதைக் கற்றிருந்தாள். மாதிரிக்கு ஒரு பதிவைக் கொடுத்தார்கள். அவள் செய்து அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. பின்னால் இரைச்சல் அப்படியே இருக்கிறது, குரல் காதைக் குத்துகிறது, இன்னொரு முறை மட்டும் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

"இது மட்டும் கெடச்சிட்டா அந்த மெஷின் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்க்கா" என்றாள். "ஆனா லெப்டாப்ல போட்டா சத்தமே பத்தல. லெஃப்ட் சைட் இன்னும் கம்மி. அதான் எனக்கு இரைச்சல் தெரிய மாட்டுது. ஆம்ப் போட்டா எல்லாம் கேக்கும்தானே? இன்னும் ரெண்டு மூனு நாள்ல அனுப்பணும்லா."

கையில் இருந்த பணத்தைச் சொன்னாள். தீப்பெட்டி அளவு ஆம்ப் ஒன்றைக் கொடுத்தேன். போதவில்லை என்றாள். அது எனக்கும் தெரியும், அந்த ஹெட்போன் கொஞ்சம் கூடுதல் உந்துதல் கேட்கும் சாதி. அவள் பணத்துக்குள் அடங்கும் நடுத்தர ஆம்பை வைத்தேன். அது அந்த ஹெட்போனுக்குத் தாராளமாகப் போதும். அவளோ குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அவளே பெரிய கறுப்பு ஆம்பைக் கை காட்டினாள். அதில் போட்டுத் திருப்பினாள், திருப்பினாள், முகம் மலர்ந்தது.

"இதான்க்கா! இதான்!"

அதன் விலை அவள் கையில் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். "தவணையில கட்டிக்கலாம். நீ உன் வேலையப் பாரு" என்றார் குணா. தவுக்கே கல்லாவைவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்த ஆம்ப் வாங்க ஆளில்லாமல் நெடுநாளாக அங்கேயே கிடந்தது. அவரே ஒரு துணியை எடுத்து அதன் தலையைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் குமிழைப் பார்த்தேன். எத்தனையோ பேர் திருப்பிப் பார்த்த குமிழ் அது. மனிதர்களின் கை எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். அது நின்ற இடம் நிற்கக் கூடாத இடம். ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்தேன், வைத்த வேகத்தில் பிடுங்கினேன். குக்கர் விசில் பக்கத்தில் காதை வைத்த மாதிரி இருந்தது.

"வேலை முடிஞ்சு நேரா வந்தீங்களா?"

"ஆமாக்கா. வீட்டுக்குக்கூடப் போகல."

"மெஷின்கிட்ட நிக்கும்போது காதுல அடைப்பான் போடுவீங்கதானே?"

"போடுவோம்க்கா. ஆனா ஒரு பக்கம்தான். ரெண்டு பக்கமும் போட்டா லைன் லீடர் கூப்புடறது கேக்காது. லெஃப்ட் காத தொறந்து வச்சுக்குவோம். எங்க லைன்ல எல்லாரும் அப்படித்தான்."

இடது பக்கம் சத்தம் கம்மி என்று அவள் முதலிலேயே சொன்னது எனக்கு நினைவு வந்தது. ஹெட்போனை இடம் வலமாக மாற்றி அவள் தலையில் மாட்டினேன். கோளாறு ஹெட்போனில் இருந்தால் கம்மிச் சத்தம் இப்போது வலது காதுக்குப் போக வேண்டும். போகவில்லை. இடது காதிலேயே நின்றது.

பிள்ளைகளே, எந்த ஆம்ப் எவ்வளவு உந்தும் என்பது அட்டைப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். அதைப் படிக்க நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம். கடைக்கு ஆள் வேண்டியிருப்பது இந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குத்தான். வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டிக் கொடுத்திருந்தால் அவளுக்குச் சந்தோஷம், அவருக்குச் சந்தோஷம், தவுக்கேக்குச் சந்தோஷம், எனக்குக் கமிஷன். அவள் வீட்டுக்குப் போய், அசந்த காதோடு, இன்னும் அதிகச் சத்தத்தில் அதே வேலையைச் செய்து, அதே தப்போடு அனுப்பியிருப்பாள். இருந்த ஒரே வாய்ப்பும் போயிருக்கும். தவணை மட்டும் மிஞ்சியிருக்கும்.

குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "தேவி, ஹெட்போன் நல்லா இருக்கு. ஆம்பும் நல்லா இருக்கு. உங்க காதுதான் இப்ப அசந்து போயிருக்கு. நாளெல்லாம் மெஷின் சத்தம் கேட்ட காது. இந்தக் காத வச்சுக்கிட்டு இன்னிக்கு எதையும் வாங்காதீங்க."

நான் குரலைத் தாழ்த்தி என்ன பயன்? குணா தாழ்த்தவில்லை.

"என்னாக்கா சொல்றீங்க? என் வைஃப் செவிடுங்கிறீங்களா?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தேவியின் முகம் சுருங்கிவிட்டது. அவருக்குக் கோபம் ஏற ஏறக் குரலும் ஏறியது. "மாசாய்லேருந்து உடுப்போட வந்தா காசு இல்லாதவங்கன்னு நெனச்சிட்டீங்களா? எடு தேவி. இவங்க விக்கலன்னா போகட்டும், சிங்கப்பூர்ல கெடைக்காததா?"

தவுக்கேயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். செடெனாக்கில் தோட்டத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த சீனரின் மகன். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், மரியாதை மட்டும் அதில் வராது. "லலிதா, நீ சும்மா இரு" என்றார். "அவ கேக்குறா, நீ குடு. நீ என்ன டாக்டரா?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் டாக்டர் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. ஆனால் கோபம் வந்தால் எனக்கு வாயைவிடக் கைதான் முந்தும். மேசை இழுப்பறையில் இருந்த சிவப்பு டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, குமிழின் கோடு நின்ற இடத்துக்கு நேராகப் பெட்டியின் முகத்தில் ஒட்டினேன்.

"தேவி, இது நீங்க இப்ப நிறுத்துன இடம். உங்களுக்கு எப்ப ஓப் டே, வேலை இல்லாத நாளு?"

"நாளைக்கும் நாளான்னைக்கும்" என்றாள், மெதுவாக.

"நாளான்னைக்குக் காலைல வாங்க. குமிழப் பாக்காம திருப்புங்க. இதே எடத்துல வந்து நின்னுச்சுன்னா என் கமிஷனையும் வெலயில கழிச்சு இதே ஆம்ப நானே கட்டிக் குடுக்குறேன். அன்னிக்கு உக்காந்து வேலைய முடிச்சாக்கூட நேரத்துக்கு அனுப்பிடலாம்."

குணா அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் ஹெட்போனைத் துவாலையில் சுற்றினாள். சிவப்பு டேப்பை ஒரு தடவை பார்த்தாள். வாசல்வரை போனவள் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள். "அதுவரைக்கும் நான் என்ன செய்யக் கூடாதுக்கா?"

"சத்தத்துகிட்டயே போகாதீங்க" என்றேன்.

வெளியே மோட்டர் எனக்காகவே உறுமிவிட்டுப் போனது.

கூட்டம் கலைந்ததும் தவுக்கே என் பக்கம் வந்தார். "அவ வரமாட்டா."

"வந்தா?"

"வந்தா நான் சோறு வாங்கித் தர்றேன். வரலன்னா இந்தப் பொட்டிய நீ வாங்கிக்கோ."

"சரி" என்றேன். கோபத்தில் சொன்ன சரி. அந்த விலையைக் கேட்டிருந்தால் என் வீட்டுக்காரர் மயங்கி விழுந்திருப்பார்.

மறுநாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பெட்டியைக்கூட எங்கேயாவது வைத்துக்கொள்ளலாம், சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. என் பயம் அதுவல்ல. நாலு பேர் முன்னால் ஒரு பெண்ணின் முகத்தைச் சுருங்க வைத்துவிட்டேன். அவளுக்கு இருந்த ஒரே வாசலையும் நானே சாத்திவிட்டேனோ என்பதுதான் என் பயம். அசந்த காது ஓய்வெடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும் என்று தெரியும். பெரும்பாலும்தான். திரும்பாமல் போனால் அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

சொன்ன நாள் காலையில் கடைக் கதவை அப்போதுதான் தூக்கியிருந்தோம். தேவி வந்துவிட்டாள். குணா வெளியே மோட்டர் மேல் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு இன்னும் கோவம் போகலக்கா. ஆனா நேத்து மிக்சிய அவருதான் போட்டாரு, என்னை வாசல்ல நிக்க வச்சிட்டு. இன்னிக்கும் மோட்டர் வேணாம்னு நான் பஸ்ல வந்தேன். அவரு பஸ்சு பின்னாலயே வந்தாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஹெட்போனைப் பெரிய ஆம்பில் சொருகி, குமிழைச் சுழியத்தில் வைத்து, அதன் மேல் என் கைக்குட்டையைப் போட்டேன். அன்று கேட்ட அதே பதிவைத்தான் போட்டாள். யாரோ ஒரு பெண் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் குரல். தேவி கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். நிறுத்தினாள். கைக்குட்டையை எடுத்தேன்.

கோடு சிவப்பு டேப்பின் பக்கத்தில்கூட இல்லை. வெகு தூரம் கீழே நின்றது.

ஹெட்போனை இடம் வலமாக மாற்றி மாட்டினேன். "நடுவுல கேக்குதுக்கா" என்றாள். மறுபடி மாற்றினேன். "இப்பவும் நடுவுலதான்." ஹெட்போனோடு சேர்த்து இரண்டு காதையும் கைகளால் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அதில் என்ன மறைக்க இருக்கிறது? அவள் கை நின்ற இடத்தில் வெள்ளை டேப்பை ஒட்டினேன்.

பிறகு வழக்கமான வேலை. பெரியதையும் நடுத்தரத்தையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, எது எதென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தேன். "ரெண்டும் ஒன்னுதானேக்கா?" என்றாள். அந்த ஹெட்போனுக்கு, அந்த வேலைக்கு, அந்தக் காதுக்கு ஒன்றுதான். அவள் பணத்துக்குள் அடங்கிய நடுத்தரத்தைக் கட்டச் சொன்னேன். பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போனபின் மகளைப் பார்க்கும் அப்பாவைப்போல் தவுக்கே தன் பெரிய பெட்டியைப் பார்த்தார்.

தேவி இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவள் நெற்றி சுருங்கியது.

"அக்கா, இதுக்குள்ள ஃபேன் ஓடுது."

"எங்க?"

"அவங்க வாசிக்கிறாங்கல்ல, அவங்க பின்னால. அலமாக்! இத்தன நாளா இது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சா? இதத்தான் அவங்க எழுதியிருக்காங்க!" தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாளும் வேலை முடிந்து வந்த காதோடு தேடிக் கிடைக்காத இரைச்சல், தேடாமலே கிடைத்துவிட்டது. பெரிய ஆம்ப் மட்டும் வாங்கியிருந்தால் அது கிடைத்திருக்காது.

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு குணா உள்ளே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். டேப்புகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்பிள்ளைகள் செய்வதைச் செய்தார். "நல்லாதான் இருக்கு ஒங்க வெளையாட்டு. நானும் போட்டுப் பாக்கட்டா?"

எல்லோரும் சிரித்தோம். குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து கைக்குட்டையைப் போட்டேன். அவரும் நேற்று மெஷின் பக்கம் போகவில்லை. அதே ஹெட்போன், அதே குரல். திருப்பினார். நான் அவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. இன்னும் திரும்பியது. "இப்ப சரியா இருக்கு!" என்று உரக்கச் சொன்னார்.

எனக்குக் கைக்குட்டையை எடுக்க மனம் வரவில்லை. தேவிதான் எடுத்தாள்.

கோடு சிவப்பு டேப்பைத் தாண்டிப் போயிருந்தது.

குணா ஹெட்போனைக் கழற்றி எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்னா?"

அப்போது தவுக்கே ஒரு காரியம் செய்தார். என்னை டாக்டரா என்று கேட்ட அதே மனிதர், எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டார், வேறு யாரும் உள்ளே வந்துவிடாதபடி. போன முறை கடை முழுக்கக் கேட்ட பேச்சு இந்த முறை எங்கள் நாலு பேருக்குள் இருந்தது. இத்தனை வருடங்களில் அவர் செய்தவற்றில் எனக்கு மிகப் பெருமையானது அதுதான். அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

"குணா, கோவப்படாதீங்க" என்றேன். "இது ஆம்பு. டாக்டர் இல்ல. இத வச்சு நான் ஒன்னும் முடிவா சொல்ல முடியாது. ஆனா இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத டெஸ்ட் பண்ணுங்க."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். படவில்லை. ஹெட்போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தேவியைப் பார்த்துச் சொன்னார். "நீ முணுமுணுன்னு பேசுறேன்னு எத்தன நாளு சண்டை போட்டிருப்பேன்."

தவுக்கே நீல டேப்பைக் கிழித்துக்கொண்டு வந்து, அவர் கை நின்ற இடத்தில் ஒட்டினார். எதற்கு என்று கேட்டேன். "மறுபடி வந்து பாக்க வேணாமா? காது இன்னும் மோசமாப் போயிருக்கா, அங்கயே நிக்குதான்னு" என்றார். பிறகு பந்தயப்படி சோறும் வாங்கித் தந்தார், நாலு பேருக்கும்.

தேவி அன்றே உட்கார்ந்து ஃபேனைத் துடைத்தெடுத்து, குரலின் குத்தலையும் தணித்து அனுப்பினாள். வேலை கிடைத்தது. அவள் சொன்னதுபோலவே மெஷின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சிங்கப்பூரில் எத்தனையோ வகுப்புகளில் பிள்ளைகள் கேட்கும் கதைக் குரல்களுக்குப் பின்னால் எந்த இரைச்சலும் இல்லை. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குணாவிடம் மருத்துவர்கள், போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அவர் அதே தொழிற்சாலையில்தான் இருக்கிறார். இப்போது இரண்டு காதிலும் அடைப்பான். அவர் போய்ப் பேசிப் பேசி, அந்த வரிசையில் எல்லோரும் இரண்டு பக்கமும் போடுகிறார்கள். லைன் லீடர் இப்போது யாரையும் கத்திக் கூப்பிடுவதில்லை, கைவிளக்கைக் காட்டுகிறார்.

டவுனுக்கு வரும்போதெல்லாம் குணா கடைக்குள் வருவார். எதுவும் வாங்க மாட்டார். அந்த ஹெட்போனையே கொண்டுவந்து, அந்தப் பதிவையே போட்டு, கண்ணை மூடித் திருப்பிவிட்டு, நீல டேப்பைப் பார்ப்பார். நான் கடையில் இருந்தால் பிறகு என்னைப் பார்ப்பார். அதன் பிறகுதான் தேநீர் குடிக்கப் போவார். தவுக்கேயும் அன்றிலிருந்து ஹெல்மெட்டோடு வருகிறவர்களை எல்லாம் "வேல முடிஞ்சு நேரா வந்தியா?" என்று மரியாதையே இல்லாமல் கேட்டு, ஓய்வு நாளில் வரச் சொல்லி அனுப்புகிறார். சிலர் திரும்பி வருவதில்லை. பரவாயில்லை. பெரிய ஆம்பை விற்கும் பேச்சையும் அவர் அதன் பிறகு எடுக்கவில்லை.

நீங்கள் துடைத்தெடுத்தது அந்த நீல டேப்பைத்தான்.

அன்று இரவே குணாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "வந்து பாக்குறேன்க்கா" என்றார். நேற்று இருவரும் வந்தார்கள், நீங்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். தேவிதான் கைக்குட்டையைப் போட்டாள். அவர் வழக்கத்தைவிட மெதுவாகத் திருப்பினார். நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறக்கவே இல்லை. தேவி கைக்குட்டையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். டேப் போயிருந்தாலும் அதன் பசை மட்டும் பெட்டியில் ஒரு துளி மிஞ்சியிருந்தது. கோடு அந்தப் பசை மேலேயே நின்றது.

தேவி புது நீல டேப்பை அதன் மேல் ஒட்டி விரலால் அழுத்தினாள். அவர் காதுப் பக்கம் குனிந்து, முணுமுணுக்காமல், தெளிவாகச் சொன்னாள்.

"அங்கயே நிக்குதுங்க."